விசா வந்த நாளும் வீடு போகும் நாளும்

"விசா கிடைச்சிட்டுதாம்" என்ற ஒரு வரி லண்டனிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போய்ச் சேர ஐந்து நிமிஷம் போதும். நாலு வருஷம், ஆறு வருஷம் என்று இழுபட்ட கேஸ். அம்மா அழுவார். நேர்த்தி வைத்த கோயிலுக்கு யாராவது ஓடுவார்கள். ஈஸ்ற்ஹாமில் நாலு நண்பர்கள் சேர்ந்து கொத்துரொட்டி வாங்கிச் சாப்பிடுவார்கள். அந்தச் சந்தோஷத்தில் ஒருவரும் கணக்கெடுக்காத ஒன்று உண்டு. அகதி என்று ஏற்றுக்கொண்டோம் என்ற கடிதத்துக்குப் பின்னாலேயே இன்னொரு கடிதமும் புறப்பட்டு வருகிறது. நீங்கள் இனித் தஞ்சம் கேட்பவர் அல்ல, ஆகவே தஞ்சம் கேட்பவருக்காகத் தந்த வீடும் காசும் இந்தத் திகதியோடு நிற்கும் என்று அது சொல்லும். பிரித்தானிய விதிகளின்படி கேஸ் தோற்றவருக்கு உதவி நிற்க 21 நாள். கேஸ் வென்றவருக்கு 28 நாள். வென்றதற்கும் தோற்றதற்கும் இடையில் ஒரு கிழமைதான் வித்தியாசம். இந்தக் கணக்கை எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

பத்திரிகைகளில் வருவதெல்லாம் உள்ளே வருகிற வாசலைப் பற்றிய சண்டைதான். எந்த ஊரில் எந்த ஹோட்டலில் தஞ்சம் கேட்டவர்களை வைத்திருக்கிறார்கள், ஒரு நாளைக்கு எத்தனை மில்லியன், வாசலில் நின்று யார் கத்தினார்கள். 2025 கோடையில் எப்பிங்கில் அப்படி ஒரு ஹோட்டலுக்கு முன்னால் நடந்த ஆர்ப்பாட்டங்கள் முழு நாட்டுக்கும் தெரியும். ஆனால் அதே கட்டடங்களுக்குப் பின்வாசல் ஒன்று இருக்கிறது. அரசாங்கமே "இவர் உண்மையான அகதி" என்று கையெழுத்து வைத்த ஆட்கள் அதன் வழியாகத்தான் ஒரு பையோடு தெருவுக்கு வருகிறார்கள். அந்தப் பின்வாசலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

உள்ளே போகிற வழி

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அசைலம் அடித்த, அதாவது தஞ்சம் கேட்ட, எவருக்கும் இது மனப்பாடம். 1999ஆம் ஆண்டுக் குடிவரவு, தஞ்சச் சட்டத்தில் மூன்று பிரிவுகள் முக்கியம். கையில் ஒன்றுமில்லாமல் இன்றிரவு படுக்க இடமில்லை என்றால் 98ஆம் பிரிவு: தற்காலிக இடம். விண்ணப்பத்தைப் பார்த்து முடிவெடுத்த பிறகு 95ஆம் பிரிவு: கேஸ் முடியும்வரை வீடும் காசும். கேஸ் தோற்று, ஆனாலும் நாட்டைவிட்டுப் போக முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு 4ஆம் பிரிவு. விண்ணப்பப் படிவத்தின் பெயர் ஏ.எஸ்.எஃப்.1. அடுத்த 14 நாளுக்குள் தங்க இடமோ அடிப்படைச் செலவுக்குக் காசோ இல்லாமல் போகும் என்று அதில் காட்ட வேண்டும். இங்கே பல விண்ணப்பங்கள் சறுக்குவது ஒரே இடத்தில்தான். இதுவரை உறவினர் வீட்டில் இருந்தவர், அந்த உறவினர் இனி வைத்திருக்க மாட்டார் என்ற கடிதத்தை இணைக்காமல் விடுவார். அல்லது இணைத்த கடிதத்தில் எந்தத் திகதியோடு வெளியேற வேண்டும் என்று இருக்காது. மறுத்தால் மேன்முறையீட்டுக்கு மூன்று நாள்தான் அவகாசம். அந்தத் தீர்ப்பாயத்தில் வாதாடச் சட்ட உதவிப் பணமும் கிடையாது. ஆனால் இந்த வழக்குகளுக்காகவே இலவசமாக வாதாடுகிற தொண்டு நிறுவனம் ஒன்று இருக்கிறது. கேஸைப் பார்க்கிற வழக்கறிஞரிடம், அதாவது சொலிசிற்றரிடம், 'ஏசாப்' என்று கேட்டால் தெரியும்.

வீடு எந்த ஊரில் என்று கேட்க உரிமை இல்லை. 2000ஆம் ஆண்டிலிருந்து இதுதான் விதி. அதற்கு முன் சுமை முழுவதும் லண்டன், கென்ற் உள்ளூராட்சிக் கவுன்சில்களில் இருந்தது. பிறகு ஆட்களை நாடு முழுக்கப் பிரித்து அனுப்பத் தொடங்கினார்கள். அப்போது அமைத்த திணைக்களத்தின் சுருக்கப்பெயர் 'நாஸ்'. அந்தப் பெயர் மறைந்து எவ்வளவோ காலமாகியும் எங்கள் ஆட்கள் இன்றைக்கும் 'நாஸ் வீடு' என்றுதான் சொல்கிறார்கள். சேர வேண்டிய இடம் மிடில்ஸ்பரோவாக இருக்கலாம், ஹல்லாக இருக்கலாம், ஸ்ரோக், போல்ரன், கிளாஸ்கோ எதுவாகவும் இருக்கலாம். சித்திரவதையிலிருந்து தப்பி வந்து, அதற்கென்றே இருக்கும் சிகிச்சை நிறுவனங்களில் தொடர் சிகிச்சை பெறுகிறவர்களுக்கு மட்டும் அந்த இடத்துக்குக் கிட்டவாக வீடு தருவது பற்றி உள்துறை அமைச்சான ஹோம் ஒஃபிஸின் வழிகாட்டலிலேயே இருக்கிறது. எங்கள் ஆட்களில் எத்தனையோ பேருக்கு இது பொருந்தும். வாய் திறந்து கேட்பவர்கள் குறைவு.

வீடுகளை ஹோம் ஒஃபிஸ் நேரே நடத்துவதில்லை. 2019 செப்டெம்பரிலிருந்து மூன்று தனியார் கொம்பனிகளோடு பத்து வருஷ ஒப்பந்தம். தெற்கு இங்கிலாந்தும் வேல்ஸும் கிளியர்ஸ்பிரிங்ஸ், வடமேற்கும் மிட்லண்ட்ஸும் கிழக்கு இங்கிலாந்தும் சேர்கோ, ஸ்கொட்லாந்தும் வட அயர்லாந்தும் யோர்க்‌ஷயரும் வடகிழக்கும் மியர்ஸ். முறைப்பாடு, விண்ணப்ப உதவி எல்லாம் மைக்ரன்ற் ஹெல்ப் என்ற தொண்டு நிறுவனத்தின் 24 மணித்தியால இலவச இலக்கத்தில்: 0808 8010 503. தொடங்கும்போது இந்த ஒப்பந்தங்களுக்குப் பத்து வருஷத்தில் 4.5 பில்லியன் பவுண் முடியும் என்று கணித்தார்கள். 2025 மே மாதத்தில் தேசியக் கணக்காய்வு அலுவலகம் அதை 15.3 பில்லியன் என்று திருத்தியது. ஹோட்டல்களில் இருந்தது உதவி பெறுபவர்களில் ஏறத்தாழ 35 வீதம். செலவில் ஹோட்டல்கள் தின்றது 76 வீதம். வீட்டில் இருப்பவருக்குக் கையில் கிடைப்பது 2024 ஜனவரியில் வந்த கணக்குப்படி கிழமைக்கு 49.18 பவுண். சாப்பாடு தருகிற ஹோட்டலில் இருந்தால் பத்துப் பவுணும் இல்லை. இந்த இரண்டு வகை எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் "அகதிகளுக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள்" என்று பேசுகிறவர்களோடு எனக்குத் தர்க்கமே இல்லை. காசு எங்கோ போகிறது, அகதியின் கைக்கு அல்ல.

கப்பல் கதைகளும் எங்களுக்குப் புதிதல்ல. 2023 ஓகஸ்ற்றில் போர்ட்லண்ட் துறைமுகத்தில் பிபி ஸ்ரொக்ஹோம் மிதவையில் ஆட்களை ஏற்றிய சில நாட்களுக்குள் தண்ணீரில் லெஜியோனெல்லா கிருமி கண்டுபிடிக்கப்பட்டு எல்லாரையும் இறக்கினார்கள். அதற்கு 36 வருஷம் முன்பு, 1987இல், ஹார்விச் துறைமுகத்தில் ஏர்ல் வில்லியம் என்ற பழைய பயணக் கப்பலில் தஞ்சம் கேட்டவர்களை அடைத்து வைத்திருந்தார்கள். அதில் பெரும்பாலானவர்கள் எங்கள் ஆட்கள். அந்த ஒக்ரோபர் பெரும்புயலில் கப்பல் கட்டறுத்துக்கொண்டு போனது. 2021இலிருந்து 2024 டிசெம்பர் வரை இந்து சமுத்திரத்து டியேகோ கார்சியாத் தீவில் கூடாரங்களுக்குள் தமிழர்களை வைத்திருந்ததும் இதே அரசாங்கம்தான். இடம் மோசம் என்ற முறைப்பாடு நாற்பது வருஷமாக இருக்கிறது, நியாயமான முறைப்பாடு. ஆனால் நாஸ் வீட்டின் ஈரச் சுவரைவிட, பழுதான கொதிகலனைவிட, ஆறு பேருக்கு ஒரு குசினியைவிட, அந்த வீட்டைவிட்டு வெளியேற்றும் முறைதான் கொடிது என்பது என் கட்சி.

இருக்கும்போது கவனிக்க வேண்டியவை இரண்டே இரண்டைச் சொல்லிவிட்டு வருகிறேன். முதலாவது, திருத்த வேலை எதையும் வீட்டுக்கு வருகிற அலுவலரிடம் வாயால் சொல்லி விட்டுவிடக் கூடாது. உதவி இலக்கத்துக்கு அடித்து, முறைப்பாட்டு இலக்கம் வாங்கி, திகதியோடு எழுதி வைக்க வேண்டும். இலக்கம் இல்லாத முறைப்பாடு பிறகு ஒருவருக்கும் கேட்கவில்லை என்றாகிவிடும். மற்றது, வீட்டில் தொடர்ந்து ஏழு இரவுக்கு மேல், அல்லது ஆறு மாதத்தில் மொத்தம் 14 இரவுக்கு மேல், அனுமதி இல்லாமல் இல்லாதிருந்தால் உதவியை நிறுத்த விதி இடம் கொடுக்கிறது. கிழமைக் காசு வந்து விழுகிற அஸ்பென் காட் எந்த ஊர்க் கடையில் உரசப்பட்டது என்று ஹோம் ஒஃபிஸால் பார்க்க முடியும். ஹல்லில் வீடு, காட் கிழமைக்கணக்கில் லண்டன் ரூட்டிங்கில் உரசப்பட்டால் கேள்வி வரும். கோயில் திருவிழாவுக்கோ அந்தியேட்டிக்கோ லண்டன் வந்து பத்து நாள் நிற்பவர்கள் முதலே அறிவித்துவிட்டு வரட்டும்.

28 நாள்

இனி அந்தப் பின்வாசல். கேஸ் வென்ற கடிதம் வந்தபின் ஒருவர் செய்து முடிக்க வேண்டிய வேலைகளைப் பாருங்கள். ஈ-விசாக் கணக்கு திறக்க வேண்டும். 2024 டிசெம்பர் 31ஓடு பிளாஸ்ரிக் விசா அட்டைகளின் காலம் முடிந்துவிட்டது, இப்போது எல்லாம் இணையத்தில். அதன்பிறகு வங்கிக் கணக்கு, ஏனென்றால் தஞ்சம் கேட்டபோது தந்த ஏ.ஆர்.சி. அட்டையை வைத்துக் கணக்குத் திறக்க அநேகமான வங்கிகள் சம்மதிப்பதில்லை. அரச உதவிப் பணமோ அஸ்பென் காட்டுக்கு வராது. அதன்பிறகு யுனிவர்சல் கிரெடிற் என்ற அந்த அரச உதவிப் பணம். வேலை தேட வேண்டும். வீடு தேட வேண்டும். கவுன்சிலில் வீடற்றவர் என்று பதிய வேண்டும். ஒவ்வொன்றும் முன்னையதில் தொங்குகிறது. சங்கிலியில் முதல் வளையம் ஒரு கிழமை பிந்தினால் கடைசி வளையம் ஒரு மாதம் பிந்தும்.

ஒரு உதாரணம் போடுவோம். மார்ச் 3ஆம் திகதியிடப்பட்ட கடிதம். 28 நாள் என்றால் மார்ச் 31 கடைசி நாள். கடிதம் கிடைத்த மறுநாளே, மார்ச் 4ஆம் திகதி, ஒரு நிமிஷமும் வீணாக்காமல் யுனிவர்சல் கிரெடிற்றுக்கு விண்ணப்பித்துவிட்டார் என்று வையுங்கள். அந்த உதவி ஒரு மாதக் கணக்கைப் பார்த்து, அதன்மேல் ஏழு நாள் கழித்துத்தான் வரும். ஏப்ரல் 3இல் மாதம் முடிகிறது. காசு ஏப்ரல் 10. காட் நின்றது மார்ச் 31. ஒரு பிழையும் விடாத, ஆங்கிலம் தெரிந்த, இணையம் தெரிந்த ஒருவருக்கே பத்து நாள் காசும் இல்லை, கூரையும் இல்லை. அவர் சோம்பேறி அல்ல, எதையும் பிந்திச் செய்யவும் இல்லை. ஒரு திணைக்களம் கொடுக்கிற காலம் நாலு கிழமை, மற்றத் திணைக்களம் எடுக்கிற காலம் ஐந்து கிழமை. அவ்வளவுதான் விஷயம்.

உண்மையில் எல்லாருக்கும் பிழை நடக்கும். அதில் எங்கள் ஆட்களுக்கென்றே ஒரு பிழை இருக்கிறது: பெயர். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் பெயர் முன்னுக்கு, எங்கள் பெயர் பின்னுக்கு. விமான நிலையத்திலோ குரொய்டன் ஹோம் ஒஃபிஸ் அலுவலகத்திலோ முதல் நாள் பதிந்த அதிகாரி ஒரு வரிசையில் எழுதியிருப்பார், ஏ.ஆர்.சி.யில் வேறு வரிசை, ஈ-விசாவில் இரண்டும் சேர்ந்து ஒரே பெயராகக் கிடக்கும். வங்கி அதைப் பார்த்து, நீங்கள் வேறு ஆள் என்று சொல்லும். ஆகவே கேஸ் முடியுமுன்பே ஏ.ஆர்.சி.யில் பெயரும் பிறந்த திகதியும் சரியா என்று பார்த்து, பிழையென்றால் சொலிசிற்றர் மூலம் அப்போதே திருத்த வேண்டும். வென்ற பிறகு திருத்தப் போனால் 28 நாளில் பாதி அதிலேயே கரையும். இன்னொன்று தொலைபேசி. ஈ-விசாக் கணக்குக்கு மின்னஞ்சலும் கைத்தொலைபேசி இலக்கமும் தேவை. மலிவான சிம் ஒன்று வாங்கி, காசு முடிந்ததும் எறிந்துவிட்டு வேறொன்று வாங்குகிற பழக்கம் பலருக்கு உண்டு. பழைய இலக்கத்துக்குப் போகிற குறியீடு பிறகு யார் கைக்கும் வராது. ஒரே இலக்கம், ஒரே மின்னஞ்சல், கடவுச்சொல் ஒரு கொப்பியில். பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் ஆட்கள் விழுகிறார்கள்.

யுனிவர்சல் கிரெடிற்றில் முற்பணம் கேட்கலாம். முதல் மாதத்தில் வரக்கூடிய முழுத்தொகை வரை தருவார்கள். அது கடன், 24 மாதத்தில் கழிப்பார்கள். அகதி அந்தஸ்துக் கிடைத்தவர்களுக்கு வட்டியில்லாத ஒருங்கிணைப்புக் கடன் ஒன்றும் இருக்கிறது, வீட்டு டிப்போசிற்றுக்குப் பயன்படும், ஆனால் விண்ணப்பித்த கையோடு வராது. பிள்ளைகள் உள்ளவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது. அகதி அந்தஸ்து அறிவித்து மூன்று மாதத்துக்குள் பிள்ளைகளுக்கான உதவிப் பணமான சைல்ட் பெனிபிற்றுக்கு விண்ணப்பித்தால், தஞ்சம் கேட்ட நாளிலிருந்து பின்திகதியிட்டுத் தர விதி இருக்கிறது. கேஸ் நாலு வருஷம் இழுபட்டிருந்தால் அது சின்னக் காசல்ல. மூன்று மாதம் தாண்டினால் அந்தக் கதவு பூட்டுப்படும்.

சரி, தனியார் வீடு எடுக்கலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மாதம் 700 பவுணுக்கு ஒரு அறை என்று வைப்போம். சட்டப்படி அதிகபட்ச டிப்போசிற் ஐந்து கிழமை வாடகை, அதாவது ஏறத்தாழ 808 பவுண். ஒரு மாத முன்வாடகை 700. திறப்புக் கையில் வாங்க முன்னமே 1,508 பவுண் வேண்டும். கிழமைக்கு 49.18 பவுண் வாங்கியவர், ஒரு சதமும் சாப்பிடாமல் சேர்த்திருந்தாலும் முப்பது கிழமைக்கு மேல் ஆகும். வேலை செய்யவும் விட்டிருக்க மாட்டார்கள். கேஸ் 12 மாதத்துக்கு மேல் இழுபட்டால் மட்டும் அனுமதி கேட்கலாம், அதுவும் அரசாங்கப் பட்டியலில் உள்ள ஒருசில தொழில்களுக்கு. இதற்குமேல் வீட்டுக்காரர் மூன்று மாதச் சம்பளத் துண்டு கேட்பார், பிணை நிற்க ஆள் கேட்பார். 35 வயதுக்குக் குறைந்த தனி ஆளுக்கு அரசாங்கம் தருகிற வாடகை உதவியும் பகிர்ந்த வீட்டில் ஒரு அறைக்கான அளவு மட்டும்தான்.

அந்த வீட்டிலேயே இன்னும் கொஞ்சம் இருந்துவிடலாமா? முடியாது. சாதாரண வாடகைக்காரரை வெளியேற்ற நீதிமன்ற உத்தரவு வேண்டும். தஞ்சம் கேட்டவரின் வீட்டுக்கு இங்கிலாந்தில் அது தேவையில்லை. ஏழு நாள் அறிவித்தல் போதும்.

56 என்ற எண்

2017ஆம் ஆண்டு வீடற்றோர் குறைப்புச் சட்டம் இங்கிலாந்துக் கவுன்சில்களுக்குச் சொல்வது இது: ஒருவர் இன்னும் 56 நாளுக்குள் வீடிழக்கப் போகிறார் என்று தெரிந்தால், அன்றிலிருந்தே அதைத் தடுக்க உதவ வேண்டும். ஒரு ஆளுக்கு இடம் தேடக் குறைந்தது எட்டுக் கிழமை வேண்டும் என்று பாராளுமன்றமே ஏற்றுக்கொண்ட கணக்கு அது. அகதிக்கு மட்டும் அதில் பாதி. செஞ்சிலுவைச் சங்கமும் அகதிகளுக்கான அமைப்புகளும் வருஷக்கணக்காகக் கேட்டது இந்த இரண்டு எண்ணையும் ஒன்றாக்குங்கள் என்பதைத்தான். நடந்தது மறுவளம். 2023 ஓகஸ்ற்றில் கணக்குத் தொடங்கும் நாளை மாற்றினார்கள். அதுவரை விசா அட்டை கைக்கு வந்த பிறகு எண்ணிய 28 நாளை, தீர்ப்புக் கடிதத்திலிருந்தே எண்ணத் தொடங்கினார்கள். அட்டை பிந்தி வந்தவர்களுக்கு மிஞ்சியது ஏழே நாள் அறிவித்தல். அதே மாதங்களில் தேங்கிய கேஸ்களை வருஷ முடிவுக்குள் முடிக்க வேண்டும் என்று வேகவேகமாக முடிவு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வென்றவர்கள் குளிர்காலத்துத் தெருவில் வந்து நின்றார்கள்.

பிறகு 2024 டிசெம்பர் 9ஆம் திகதியிலிருந்து, பரீட்சார்த்தமாக, 56 நாள் தந்தார்கள். மேலே போட்ட அதே உதாரணத்தை இதில் வைத்துப் பாருங்கள். மார்ச் 3 கடிதம். கடைசி நாள் ஏப்ரல் 28. முதல் காசு ஏப்ரல் 10இல் வந்துவிடுகிறது. பெயர்ப் பிழை திருத்த ஒரு கிழமை போனாலும் இடமிருக்கிறது. வங்கி அட்டை தபாலில் பிந்தினாலும் இடமிருக்கிறது. கவுன்சில் அதிகாரிக்கும் வேலை செய்ய அவகாசம் இருக்கிறது. ஒரு சட்டத்தையும் புதிதாக எழுதாமல், ஒரு எண்ணை மாற்றியதால் வந்த நிம்மதி. ஆனால் 2025 செப்டெம்பர் 1ஆம் திகதியிலிருந்து தனி ஆட்களுக்கு மறுபடி 28 ஆக்கிவிட்டார்கள். பிள்ளைகள் உள்ள குடும்பங்கள், கர்ப்பிணிகள், 65 வயதுக்கு மேற்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு மட்டும் 56 தொடரும் என்றார்கள்.

இந்த ஒரு முடிவைத்தான் என்னால் எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் ஏற்க முடியவில்லை. ஹோட்டலைக் கெதியாகக் காலியாக்க வேண்டும் என்பது சொல்லப்பட்ட நோக்கம். ஆள் ஹோட்டலைவிட்டுப் போவது உண்மை. ஆனால் போகிற இடம் கவுன்சிலின் தற்காலிக விடுதி, அல்லது யாரோ ஒருவரின் வீட்டு வரவேற்பறைத் தரை, அல்லது கடை வாசல். முதலாவதற்கும் வரிப்பணம்தான் போகிறது, ஹோம் ஒஃபிஸின் கணக்கிலிருந்து கவுன்சிலின் கணக்குக்கு மாறி. குடும்பங்களுக்கு ஏற்கெனவே சட்டத்தில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது: பிள்ளையோ கர்ப்பமோ இருந்தால் கவுன்சில் இடம் கொடுத்தே ஆக வேண்டும். அந்தப் பாதுகாப்பு இல்லாதவர் தனி ஆள்தான். கூடுதல் நாள் யாருக்கு மிகவும் தேவையோ அவரிடமிருந்து அதைப் பிடுங்கியிருக்கிறார்கள். எங்கள் ஆட்களில் இந்த வகைக்குள் விழுவது யார் என்று சொல்லத் தேவையில்லை. இருபது முப்பது வயதில், தடுப்பில் அடிபட்டு, மனைவி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டுத் தனியே வந்த பொடியன்கள்.

அவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, அநேகமானவர்களுக்கு அதை யாரும் சொல்வதில்லை. தனி ஆளாக இருந்தாலும், வீடிழந்தால் சாதாரண மனிதரைவிடக் குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாகப் பாதிக்கப்படக்கூடியவர் என்று காட்டினால் முன்னுரிமை உண்டு. 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்ன அளவுகோல் அது. எங்கள் கேஸ்களில் தழும்புகளைப் பற்றிய மருத்துவ அறிக்கையும் மனநல மருத்துவரின் அறிக்கையும் அநேகமாக இருக்கும். கேஸ் வெல்ல எடுத்த அந்த அறிக்கைகள் சொலிசிற்றரின் கோப்பில் கிடந்து தூசி பிடிக்கின்றன. அதே அறிக்கைகள்தான் கவுன்சிலுக்கும் ஆதாரம். தீர்ப்பு வந்த அன்றே சொலிசிற்றரிடம் பிரதி கேளுங்கள். குடும்ப மருத்துவரான ஜி.பி.யிடம் இப்போது எடுக்கிற மருந்து, நித்திரையின்மை, தற்கொலை எண்ணம் இருந்தால் அது, எல்லாம் சேர்த்து ஒரு கடிதம் கேளுங்கள். வெட்கப்பட்டு மறைப்பவருக்குத்தான் இதில் நட்டம்.

லண்டனுக்கு ஓடி வருவது

வென்றதும் எல்லாருக்கும் வருகிற முதல் எண்ணம் லண்டன். ஹரோவில் மச்சான், ஈஸ்ற்ஹாமில் ஊர்ப் பொடியன், வேலை எடுத்துத் தர ஒரு பெற்றோல் ஷெட், ஒரு பலசரக்குக் கடை. வடக்கில் பாஷையும் விளங்காமல் மழைக்குள் கிடந்தவர்களை ஒருவரும் குறை சொல்ல முடியாது. ஆனால் வீட்டுச் சட்டம் இங்கே வேறு கணக்குப் போடுகிறது. 95ஆம் பிரிவின்கீழ் கடைசியாக எந்தக் கவுன்சில் எல்லைக்குள் வீடு தந்தார்களோ, அந்தக் கவுன்சிலோடுதான் உங்களுக்கு 'உள்ளூர்த் தொடர்பு' என்று சட்டமே தீர்மானிக்கிறது. மிடில்ஸ்பரோவில் இருந்தவர் லண்டன் நியூஹாம் கவுன்சிலில் போய்ப் பதிந்தால், விண்ணப்பத்தை எடுக்க வேண்டும்தான், ஆனால் மிடில்ஸ்பரோவுக்குத் திருப்பி அனுப்ப அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அப்பா, அம்மா, சகோதரம், வளர்ந்த பிள்ளை ஆகியோரில் ஒருவர் ஐந்து வருஷமாக அந்த எல்லைக்குள் இருந்தால் வேறு கதை. மச்சானும் ஊர்ப் பொடியனும் பெரும்பாலும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். இதைவிடப் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. நண்பரின் வரவேற்பறையில் படுக்கிறவர் கவுன்சிலுக்குப் போனால், "உங்களுக்குத்தான் இருக்க இடம் இருக்கிறதே" என்று அனுப்பப் பார்ப்பார்கள். நண்பர் திகதி போட்டு எழுதித் தந்த கடிதம் இல்லாமல் போகவே கூடாது. 95ஆம் பிரிவில் வீடு வேண்டாம், காசு மட்டும் போதும் என்று உறவினரோடு இருந்து கேஸ் நடத்தியவர்களுக்கும் இதே கடிதம்தான் உயிர்நாடி.

ஸ்கொட்லாந்தில் சட்டம் வேறு. 2012 முடிவிலிருந்து அங்கே குடும்பம், தனி ஆள் என்ற முன்னுரிமைப் பாகுபாடு இல்லை. உள்ளூர்த் தொடர்பைக் காட்டித் திருப்பி அனுப்புவதையும் 2022இல் நிறுத்திவிட்டார்கள். இங்கிலாந்து ஹோட்டல்களிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் கிளாஸ்கோவுக்கு பஸ் ஏறுவதன் காரணம் அதுதான். கிளாஸ்கோவும் 2023 நவம்பரில் வீட்டு நெருக்கடி என்று அறிவித்துவிட்டது. சட்டம் அங்கே நல்லது, காலி வீடு இல்லை.

ஆகவே முதல் நாள் செய்ய வேண்டியது, விருந்துக்குப் போகுமுன்பு செய்ய வேண்டியது, ஒரு மின்னஞ்சல். இருக்கிற ஊர்க் கவுன்சிலின் வீடற்றோர் பிரிவுக்கு. அதில் இவ்வளவும் இருந்தால் போதும்: இன்ன திகதியில் அகதி அந்தஸ்துக் கிடைத்தது, இன்ன திகதியோடு ஹோம் ஒஃபிஸ் வீடு முடிகிறது, 56 நாளுக்குள் வீடிழக்கப் போகிறேன், உதவக் கேட்டு விண்ணப்பிக்கிறேன், இன்ன நோய் இருக்கிறது, அறிக்கை இணைத்திருக்கிறேன். தீர்ப்புக் கடிதம், உதவி முடியும் கடிதம் இரண்டினதும் படம். விதி அடிக்கடி மாறுவதால், ஊரார் சொல்லும் கணக்கை விட்டு உங்கள் கடிதத்தில் அச்சடித்திருக்கும் திகதியையே எழுதுங்கள். "வெளியேற்றுகிற அன்றைக்கு வாருங்கள்" என்று பதில் வந்தால், அதை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். அது சட்டப்படி பிழையான பதில், எழுத்தில் தரத் தயங்குவார்கள். அஸ்பென் காட்டில் கிடக்கிற மிச்சக் காசைக் கடைசி நாளுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். பிள்ளை இருந்தால் பள்ளிக்கூடத்துக்கு உடனே அறிவியுங்கள், தற்காலிக இடம் எங்கே தருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஜி.பி.யிடம் இரண்டு மாத மருந்து கேட்டு வாங்குங்கள்.

கடைசி நாள் காலையில் வீட்டை நடத்துகிற கொம்பனியின் அலுவலர் வருவார். அறையைப் பார்த்து, கட்டில், மெத்தை, அலுமாரி, குளிர்சாதனப்பெட்டி எல்லாம் இருக்கிறதா என்று பட்டியலில் புள்ளடி போடுவார். திறப்பை வாங்கிக்கொண்டு கையெழுத்துக் கேட்பார். கையெழுத்து வைக்குமுன் அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் திகதியில், எந்த விலாசத்திலிருந்து, யார் சொல்லி வெளியேறினீர்கள் என்பதற்கு அதுவும் ஆதாரம். அன்றைக்குப் பின்னேரம் கவுன்சில் கவுண்டரில் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.